மண்டலேயிலிருந்து வந்த பிள்ளைகள்: லாரிச் சத்தத்துக்கே வெளியே ஓடுகிறார்கள், வகுப்பில் என்ன செய்வது?

தான்லின் ஞாயிறு வகுப்பு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மியான்மரில் ரங்கூனுக்கு அருகே தான்லினில், எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. 6 முதல் 13 வயது வரை கலந்து உட்காருவார்கள். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மண்டலேயை விட்டு இங்கே சொந்தக்காரர் வீடுகளில் வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மாதங்கள் கடந்தும் கீழே சொல்வது எதுவும் குறையவில்லை.

8 வயதுப் பையன்: தெருவில் கனமான லாரி போனாலோ, மின்விசிறி ஆடினாலோ செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடுகிறான். அவன் தங்கைக்கு 6 வயது: எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது, அம்மா அடிக்கிறார். 11 வயதுப் பெண்: ஞாயிறு காலை ஆனால் வயிற்றுவலியும் தலைவலியும் வருகின்றன; காய்ச்சல் மட்டும் கிடையாது. 10 வயதுப் பையன்: பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான், ஒரு இடத்தில் இருக்க மாட்டான்; வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறானாம்.

எங்கள் தொண்டர் ஒருவர், எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைத்தால் பாரம் இறங்கும் என்கிறார். பெற்றோரோ தூக்கத்துக்குக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், யாரை நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு நர்ஸக்கா

டீச்சர், முதல்ல அந்த வட்டமா உக்கார வைக்கிற யோசனையை விட்டுருங்க. நல்ல மனசோட சொல்றாங்க, ஆனா சரிப்படாது. பேரிடருக்கு அப்புறம் எல்லாரையும் ஒரே உக்காருல பேச வைக்கிற முறையை 2007-ல வந்த பன்னாட்டு அமைப்புகளோட கூட்டு வழிகாட்டியே வேண்டாம்னு சொல்லிருச்சு, உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான். வீடு இடிஞ்சதைப் பாக்காத பிள்ளை, பாத்த பிள்ளை சொல்றதைக் கேட்டுப் புதுப் பயத்தை ஏத்திக்கும். சொல்ல ஆரம்பிச்சு உடைஞ்சு அழுற பிள்ளையைத் தேத்தி முடிக்கறதுக்குள்ள வகுப்பு நேரமும் தீந்துரும். தானா வந்து சொன்னா காது குடுங்க. பாதியில நிறுத்திக்கிட்டா தோண்டாதீங்க. படம் வரையட்டும், தலைப்பு மட்டும் நீங்க குடுக்க வேண்டாம். இடிஞ்ச வீட்டை வரைஞ்சா, "அப்புறம் யாரு வந்து உதவினாங்க, இப்ப எங்க தூங்குறீங்க"ன்னு கேட்டு அதையும் அதே தாள்ல வரைய விடுங்க. சுவத்துல ஒட்டாதீங்க. நன்கொடை குடுத்தவங்களுக்குக் காட்டணும்னு பிள்ளையோட போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறதும் வேண்டாம், அந்தக் கொடுமை இங்க நிறைய நடக்குது.

எட்டு வயசுப் பையனைத் திட்டாதீங்க. அதுக்காக ஒவ்வொரு தடவையும் ஓட விட்டாலும் பயம் வளரும். ஓடினதாலதான் தப்பிச்சோம்னு உடம்பு படிச்சுக்கும். வகுப்பு ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவனைக் கூட்டிக்கிட்டு மண்டபத்தைச் சுத்தி வாங்க. மின்விசிறியை நிறுத்தி, போட்டு, வேகத்தைக் கூட்டி, எந்த வேகத்துல ஆடுது, எந்தத் திருகாணி சத்தம் போடுதுன்னு அவனே கண்டுபிடிக்கட்டும். பயம் எவ்வளவுன்னு 0-லேர்ந்து 10 வரைக்கும் விரல்ல காட்டச் சொல்லுங்க. அப்புறம் படிப்படியா: முதல்ல சத்தம் கேட்டா வாசப்படி வரைக்கும், ஆனா நடந்துதான் போகணும். அடுத்தது, எழுந்து நின்னு சுவத்துல கைய வச்சுப் பத்து எண்ணணும். கடைசியா, உக்காந்த இடத்துலயே பக்கத்துப் பிள்ளையோட சேந்து பத்து எண்ணணும். ஒரு படியில பயம் பாதியா குறைஞ்சாத்தான் அடுத்த படி. அவசரப்பட்டு ரெண்டு படி தாண்டி, அன்னிக்குப் பயந்துட்டான்னா மறுபடி வாசப்படிதான். சில பேர் மேசையில தண்ணி டம்ளர் வச்சு "தண்ணி ஆடுதா பாரு"ன்னு சொல்லிக் குடுப்பாங்க. ஒண்ணு ரெண்டு தடவைக்கு உதவும். அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டுப் பாடத்தைக் கவனிக்கலேன்னா டம்ளரை எடுத்துருங்க.

மூச்சுப் பயிற்சி எல்லாரும் சொல்லிக் குடுக்கிறாங்க, நிறைய பேர் தப்பா சொல்லிக் குடுக்கிறாங்க. "நல்லா இழு, நல்லா இழு"ன்னா பிள்ளை வேக வேகமா இழுத்து, தலை சுத்தி, விரல் மரத்துப்போய் இன்னும் பயந்துரும். மூணு எண்ணி மூக்கால இழுக்கணும், அஞ்சு எண்ணி வாயால மெதுவா விடணும். விடுறது நீளமா இருந்தாத்தான் நெஞ்சு படபடப்பு அடங்கும். சோப்புத் தண்ணியில குமிழி ஊதச் சொன்னா சின்னப் பிள்ளைங்களுக்குத் தானா வந்துரும். கண்ணை மூடச் சொல்லாதீங்க, பூகம்பத்துல மாட்டின பிள்ளைக்குக் கண்ணை மூடினா அதுதான் முன்னாடி நிக்கும். பயம் வந்த நேரத்துல மட்டும் செய்ய வச்சா, மூச்சுப் பயிற்சின்னாலே பயம்னு ஆயிரும். அதனால வகுப்பு ஆரம்பத்துல எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு நிமிஷம், சும்மா இருக்கும்போதே.

தங்கச்சி விஷயம். அடிக்கிறதை இன்னிக்கே நிறுத்தணும். அடி விழுந்தா ராத்திரிப் பயம் ஒண்ணுக்கு ரெண்டாகும், நனைக்கிறது நிக்காது. நின்ன பழக்கம் திரும்ப வந்திருக்கறதால முதல்ல ஒண்ணுக்குப் பரிசோதனை: போகும்போது எரிச்சல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, தாகம் அதிகமாகி உடம்பு இளைக்குதா (சக்கரை நோய் பாக்கணும்), மலச்சிக்கல் இருக்கா. இதெல்லாம் இல்லேன்னா வீட்டைப் பாருங்க. கழிப்பறை வெளிய இருக்கா? ராத்திரி கரண்ட் இல்லாம இருட்டா இருக்கா? பாதிப் பிள்ளைங்க எழுந்து வெளிய போகப் பயந்துதான் படுக்கையில விட்டுருதுங்க. அறைக்குள்ள மூடி போட்ட வாளி ஒண்ணு, பக்கத்துல சார்ஜ் லைட் ஒண்ணு, பெரியவங்க படுக்கப் போகும்போது ஒரு தடவை எழுப்பிக் கூட்டிட்டுப் போறது. படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தண்ணியைக் குறைச்சுக்கலாம், பகல்ல குறைக்கக் கூடாது. சாயங்காலம் பால் டீ குடுக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, அதை நிறுத்துங்க. நனைஞ்ச துணியைத் தெருப்பக்கம் காயப் போட்டு மானத்தை வாங்காதீங்க.

மோல்மீன் மருந்தாளர்

தூக்க மருந்து பற்றி. கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் இந்த ஊரில் சிக்கலே. டயசிபாம், அல்பிரசோலாம் இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பயத்துக்கோ தூக்கமின்மைக்கோ பிள்ளைகளுக்கு இந்த வகை மருந்து தரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சில பிள்ளைகளுக்கு அமைதிக்குப் பதில் ஆர்ப்பாட்டம் வரும். மற்றவர்களுக்கு மறுநாள் மந்தம். நாலு வாரம் கொடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். ஏற்கனவே தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் சட்டென்று நிறுத்தச் சொல்லாமல் டாக்டரிடம் அனுப்புங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

சளிக்கான குளோர்பெனிரமின், புரோமெதசின் சிரப்பைத் தூங்கவைக்கக் கொடுப்பதும் அதே தவறு. புரோமெதசின் 2 வயதுக்குள் அறவே ஆகாது. இன்னொரு சளி சிரப்பிலும் இதே மாதிரி மருந்து இருக்கும், தாய்க்குத் தெரியாமல் இரண்டு மடங்கு போய்விடும். வெற்றிலைக் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டல மாத்திரையைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தூக்கம் கெடும், பிள்ளை எரிந்து எரிந்து விழும்.

10 வயதுப் பையன் விஷயத்தில் எனக்குப் பூகம்பத்தைவிட மாத்திரை மேல்தான் சந்தேகம். அட்டையில் என்ன பெயர் என்று அவன் வீட்டாரிடம் வாங்கிப் பாருங்கள். 2013-ல் தொடங்கிய வலிப்புநோய்த் திட்டத்துக்குப் பிறகு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பரவியது நல்லதுதான், ஆனால் பல இடங்களில் கையில் இருப்பது பீனோபார்பிட்டல். விலை மலிவு, வலிப்பையும் அடக்கும். ஆனால் பிள்ளைகளில் பலருக்கு அது பரபரப்பையும் முன்கோபத்தையும் கொண்டுவரும், கவனத்தைக் கெடுக்கும். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு அதைத் தவிர்த்து வேறு மருந்து பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. கார்பமசிபின் மாதிரி மாற்று உண்டு. அதை ஆரம்பித்தால் முதல் இரண்டு மாதம் தோலில் தடிப்பு, வாய்ப்புண் வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும்; வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஏனென்றால் தென்கிழக்காசியாவில் அந்த ஆபத்து கூடுதல். எதுவானாலும் நீங்களாகப் பீனோபார்பிட்டலை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நின்றால் வலிப்பு விடாமல் தொடரலாம், உயிருக்கே ஆபத்து. பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதை ஏற்றுவது வாரக்கணக்கில் நடக்கும் வேலை, டாக்டர் கையில்.

கோயிலடி அண்ணன்

எதுக்கு இவ்வளவு ஆஸ்பத்திரி? பிள்ளை பயந்திருக்கு. வேப்பிலை அடிச்சுத் திருநீறு மந்திரிச்சுத் தாயத்துக் கட்டினா மூணு நாள்ல சரியாப் போயிரும். பர்மாக்காரங்களும் பயந்த பிள்ளைக்குக் கைநூல் கட்டுறாங்கதானே.

பெகு நர்ஸக்கா

அண்ணே, கட்டுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. பாட்டி மடியில படுக்க வச்சு, நெத்தியில திருநீறு பூசி, "இனி ஒண்ணும் வராது, நாங்க இருக்கோம்"னு வீட்டாளுங்க எல்லாரும் சேந்து நிக்கிறது பிள்ளைக்குத் தெம்புதான். புகை போட்டு மூச்சுத் திணற வைக்கிறது, பிரம்பால அடிச்சுப் பேய் விரட்டுறது, சாப்பாட்டை நிறுத்துறது, வலிப்பு மாத்திரையை நிறுத்துறது, இந்த நாலும் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான், "இனி பூகம்பமே வராது"ன்னு மட்டும் யாரும் வாக்குக் குடுக்காதீங்க. இந்தப் பூகம்பம் வந்த சகைங் பிளவு, அதாவது பூமிக்குள்ள இருக்கிற வெடிப்பு, பெகுப் பக்கமா கடல் வரைக்கும் இறங்குது. 1930 மே மாசப் பூகம்பத்துல பெகுவுல இருக்கிற ஷ்வேமோடோ பகோடாவே விழுந்து, 1954-லதான் திரும்பக் கட்டி முடிச்சாங்க. இங்க வராதுன்னு சொல்லி, நாளைக்குச் சின்னதா ஒண்ணு ஆடினா அந்தப் பிள்ளை உங்களை மறுபடி நம்பாது. "எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்"னு சொல்லுங்க.

பள்ளி ஆலோசகர், ரங்கூன்

மேலே நல்ல பதில்கள் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பல மாதம் கழித்தும் ஒரு பிள்ளை தேறவில்லை என்றால், பூகம்பத்தைத் தோண்டுவதைவிட அந்தப் பிள்ளையின் இன்றைய நாளைப் பார்ப்பது அதிகப் பலன் தரும். அடுத்தவர் வீட்டில் ஒரே அறையில் இரண்டு குடும்பம். யார் சமைப்பது, யார் வாடகையில் பங்கு போடுவது என்று இரவெல்லாம் முணுமுணுப்பு. விருந்தாளிப் பதிவுக்காக (வீட்டில் வந்து தங்குபவர்களின் பெயரை அதிகாரிகளிடம் கொடுப்பது) வார்டு ஆபீசுக்கு அலைச்சல், இரவில் கதவு தட்டப்படுமோ என்று பெரியவர்கள் பேசுவது பிள்ளையின் காதில் விழும். வீட்டில் 18 வயதை நெருங்கும் அண்ணன் இருந்தால் கட்டாய ராணுவச் சேர்க்கைக் கவலையும் சேரும். இடிபாட்டில் குடும்பப் பட்டியலும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் போய்விட்டதால் ஜூனில் பள்ளியில் சேர முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு நாள் முழுக்கப் பயத்தைத் தவிர வேறு வேலை இல்லை. இந்த நாலு பேரும் பகல் பள்ளிக்குப் போகிறார்களா என்று முதலில் கேளுங்கள். போகவில்லை என்றால் எந்த மனப்பயிற்சியையும்விட அதைச் சரிசெய்வது முந்த வேண்டும். கோயில் நிர்வாகத்தில் பெரியவர் ஒருவர் பெற்றோருடன் தலைமையாசிரியரிடம் போய் நின்றாலே பாதி வேலை நடக்கும்.

11 வயதுப் பெண்ணின் வலி ஞாயிறு காலையில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வருகிறதா, பள்ளி நாளில் வருகிறதா? இரண்டும் இல்லையென்றால் உங்கள் வகுப்பையே சந்தேகப்படுங்கள். மண்டலேயில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் பர்மியமே பேசுவார்கள். 11 வயதில் 6 வயதுப் பிள்ளைகளோடு அரிச்சுவடி வரிசையில் உட்கார்ந்து, "ழ" வராமல் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டியிருந்தால் யாருக்கும் வயிறு வலிக்கும். அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல், சின்னவர்களுக்குப் பர்மியத்தில் அர்த்தம் சொல்லும் வேலை கொடுத்துச் சில வாரம் பாருங்கள். அதற்குள் உடம்பையும் பார்த்துவிட வேண்டும்: கண் இமை உட்புறம் வெளுத்திருக்கிறதா (ரத்தசோகை), பூச்சி மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நாள், மாதவிடாய் தொடங்கியிருக்கிறதா, கரும்பலகை தெரிகிறதா. வலியைப் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பயத்தில் வரும் வயிற்றுவலியும் நிஜமாகவே வலிக்கும்.

அனுப்ப வேண்டியவரைக் கண்டுபிடிக்க இரண்டு தாள்கள் போதும். 8 வயதும் அதற்கு மேலும் ஆன, பூகம்பத்தை நேரில் அனுபவித்த பிள்ளைக்கு, அதிர்ச்சியின் தாக்கத்தை அளக்கும் எட்டுக் கேள்வி கொண்ட கிரைஸ்-8 (CRIES-8). கடந்த ஏழு நாளை மட்டும் வைத்துக் கேட்க வேண்டும்: நினைக்காதபோதும் அது நினைவுக்கு வருகிறதா, அதைப் பற்றிய பேச்சை ஒதுக்குகிறாயா என்ற மாதிரி. "இல்லவே இல்லை" 0, "அரிதாக" 1, "சில நேரம்" 3, "அடிக்கடி" 5. மொத்தம் 40-ல் 17-ஐத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளை. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அம்மா பக்கத்தில் நின்றால் விடை மாறிவிடும். இரண்டாவது, பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிய 25 வரி கொண்ட எஸ்டிக்யூ (SDQ): பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 4 முதல் 17 வயது வரை. தமிழிலேயே கிடைக்கிறது, தாளில் அச்சடித்துக் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதன் வெட்டுப்புள்ளிகள் (எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்ற எல்லைகள்) பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்டவை; எண்ணை வைத்து முத்திரை குத்தாமல், இரண்டு மாதம் கழித்து அதே தாளைத் திரும்ப நிரப்பி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எது வந்தாலும் பெற்றோரிடம் நோயின் பெயர் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை அல்ல.

தாள் எதுவும் இல்லாமலே அன்றைக்கே அனுப்ப வேண்டியவை: சாப்பாட்டை ஒதுக்கி எடை இறங்குவது, பேச்சே நின்றுபோவது, இல்லாத குரல் கேட்பது, புதிதாக வலிப்பு, தன்னைத்தானே காயப்படுத்துவது, செத்துப்போகணும் என்று சொல்வது. கடைசியில் சொன்னதை நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைக்கச் சொல்லுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வழி: முதலில் தான்லின் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கடிதத்துடன் ரங்கூன் குழந்தைகள் ஆஸ்பத்திரி அல்லது யுவாத்தாஜி மனநல ஆஸ்பத்திரி. குழந்தை மனநல நிபுணர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியில் மேலே நர்ஸக்கா சொன்ன படிகளைத் தொடருங்கள். வகுப்பில் 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் நிறைய என்றால், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-ல் வெளியிட்ட, மனக்கலக்கத்தைச் சமாளிக்கக் கற்றுத்தரும் ஈஸ் (EASE) என்ற குழுப்பயிற்சி உண்டு: பிள்ளைகளுக்கு 7 அமர்வு, பெற்றோருக்கு 3. டாக்டராக இல்லாதவரும் பயிற்சி எடுத்து நடத்தலாம். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு நடத்த வேண்டாம், மேற்பார்வைக்கு ஒருவர் வேண்டும்.

தான்லின் ஞாயிறு வகுப்பு

எல்லாருக்கும் நன்றி. மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. பூகம்ப ஒத்திகை நடத்தலாமா, அல்லது அதுவே பிள்ளைகளைக் கலைத்துவிடுமா? பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கையில் என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

பெகு நர்ஸக்கா

ஒத்திகை வேணும், திடீர்னு மட்டும் மணி அடிச்சுப் பண்ணாதீங்க. முந்தின வாரமே சொல்லிருங்க, அன்னிக்குக் காலையிலயும் சொல்லுங்க. மணிக்குப் பதிலா நீங்க வாயால "ஆடுது"ன்னு சொன்னாப் போதும். குனி, மறை, பிடி: கெட்டியான மேசை இருந்தா அடியில நுழைஞ்சு காலைப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா உள்சுவர் ஓரமா மண்டி போட்டுப் பின்கழுத்தை ரெண்டு கையாலயும் மூடணும். முப்பது எண்ணணும். அப்புறம் வரிசையா நடந்து வெளிய. செங்கல் கட்டடத்துல ஆடும்போதே ஓடக் கூடாது, வாசல்லயும் வெளிச்சுவர் ஓரத்துலயும்தான் கல்லு விழும். பிள்ளைங்களைக் கோபுரத்தடியில ஒண்ணா நிக்க வைக்காதீங்க, சுதைப் பொம்மை எல்லாம் மேல இருக்கு. மூங்கில் தட்டி, தகரக் கொட்டாயா இருந்து வாசல் ரெண்டு எட்டுல இருந்தா வெளிய வந்துரலாம். மாசம் ஒரு தடவை போதும். எட்டு வயசுப் பையனை எண்ணிச் சொல்ற ஆளா வைங்க. ஒத்திகைக்கு முன்னாடி, பிள்ளைங்க உக்கார்ற இடத்துக்கு மேல கண்ணாடி போட்ட சாமி படம், தொங்குவிளக்கு, ஓரத்துல இரும்பு பீரோ இருக்கான்னு பாத்து இடம் மாத்துங்க. திருவிழாவுக்கு வெடி, தவில் உண்டுன்னா அதையும் முன்கூட்டியே சொல்லி வைங்க.

கையில குடுக்கறதுக்கு ஒரே தாள், பர்மியத்துல எழுதுங்க: வயசு, எடை, என்னென்ன தொந்தரவு, எப்ப ஆரம்பிச்சுது, வாரத்துல எத்தனை தடவை, பள்ளிக்குப் போகுதா, சாப்பாடு தூக்கம் எப்படி. இப்ப சாப்பிடுற எல்லா மருந்தோட அட்டையும், கடை சிரப் பாட்டிலும் சேர்த்து. வலிப்புப் பையனுக்கு, வலிப்பு வந்த தேதியும் எத்தனை நிமிஷம்ங்கறதும். வந்தா அடுத்த தடவை போன்ல வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்க, டாக்டருக்கு அது நாலு கேள்வியை மிச்சப்படுத்தும். பிள்ளையோட ராத்திரி கூடவே படுக்கிற ஆளு யாரோ அவங்கதான் கூடப் போகணும். அப்பா மட்டும் போனா "எனக்குத் தெரியலியே"ன்னு திரும்பி வந்துருவாரு.